கறிவேப்பிலைக்கு ஒரு சாட்சி

அத்தியாயம் 7

புதன்கிழமை மத்தியானம் ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டு படியேறி வந்தால், எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ ஒரு மாப்பிள்ளையை விசாரிக்க வேண்டும். நான் எழும்பிப்போய் மாப்பிள்ளைக் கோப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அதைத் திருப்பி வையும், மாக்கஸ்," என்றார் புனிதாக்கா. "கையில லப்டொப், தோளில நாலு லைப்ரரிப் புத்தகம். இது காதல் அழுகை இல்லை. படிப்பு அழுகை."

ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிறுவனம். புனிதவதி என்கிற புனிதாக்காவுக்குத் துப்பறிய லைசென்ஸ் இருக்கிறது. எனக்குக் கார் ஓட்ட லைசென்ஸ் இருக்கிறது. நிறுவனம் அவ்வளவுதான்.

வந்தவள் பெயர் நிலாணி. இருபத்தொன்பது வயது. மூக்கைத் துடைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை காலமை பத்து மணிக்கு என்ர பிஎச்டி டிஃபென்ஸ், வாய்மொழிப் பரீட்சை. அதுக்கிடையில நாலு பக்கம் கண்டுபிடிக்க வேணும்."

"தீசிஸ் எத்தினை பக்கம்?" என்று கேட்டேன்.

"முந்நூற்றுப் பத்து."

"அதில நாலு குறைஞ்சால் ஆர் பிள்ளை எண்ணப் போகினம்?"

புனிதாக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் கதிரையோடு கதிரையானேன்.

"அந்த நாலு பக்கத்திலதான் என்ர முழு டேட்டாவும் இருக்கு, அண்ணை," என்றாள் நிலாணி. "அது இல்லாட்டி, நான் நம்பரை எல்லாம் சும்மா இட்டுக்கட்டினன் எண்டு ஆகும். ப்ரொஃபெசர் ஏற்கெனவே அப்பிடித்தான் நினைக்கிறா. வெள்ளிக்கிழமை காட்டாட்டி விசாரணைக் குழுவுக்குப் போகும். ஏழு வருஷம், அக்கா!"

விஷயம் இதுதான். ரொறன்ரோவில் உறைபனி எந்தத் திகதியில் முடிகிறது, எந்தத் திகதியில் தொடங்குகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதிகாரபூர்வமான கணக்கை விமான நிலையத்தில் எடுக்கிறார்கள். விமான நிலையத்தில் யாரும் குடியிருப்பதில்லை. அடுக்குமாடிப் பல்கனிகளில் குளிர் எப்படி இருந்தது என்று, ஒரே பல்கனியில் நின்று வருஷக்கணக்காக எழுதிவைத்த ஒரு ஆள் அவளுக்குத் தேவைப்பட்டது. மூன்று வருஷம் பல்கலைக்கழகத் தரவுத்தளம் ஒன்று விடாமல் தேடினாள். அப்படி ஒரு விசரன் அகப்படவில்லை.

"பேந்து?" என்றார் புனிதாக்கா.

"பேந்து, அம்மாவின்ர கறிவேப்பிலை வாடிப்போச்சு."

2023 டிசம்பர். தாய் அழாக்குறையாக, 'உன்ர இன்ரநெற்றில தேடிப் பார், இதை எப்ப வீட்டுக்குள்ள எடுத்திருக்க வேணும்' என்று கேட்டிருக்கிறா. நிலாணி தமிழில் தட்டியிருக்கிறாள். தேடல் முடிவுகளின் பதினான்காவது பக்கத்தில் ஒரு கல்வெட்டு வந்து விழுந்தது.

கல்வெட்டு என்று எங்கள் ஆட்கள் சொல்வது, ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை. முதலில் படம், பிறகு தேவாரம், பிறகு பரம்பரை, பிறகு அழுகை, கடைசியில் நன்றி. இடையில் பக்கம் மிஞ்சினால் சமையல் குறிப்போ கைவைத்தியமோ போட்டு நிரப்புவார்கள். இதையெல்லாம் ஸ்கான் பண்ணி ஏற்றிவைக்கத் தன்னார்வத் தம்பிமார் ஒரு இணையத்தளமே நடத்துகிறார்கள்.

நிலாணிக்கு அகப்பட்டது பார்க்டேலில் இருந்த நவரட்ணம் என்பவரின் கல்வெட்டு. மனிதர் பதினான்காம் மாடிப் பல்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருந்திருக்கிறார். குளிர் விட்டதும் வெளியே வைத்த திகதி, குளிர் வரமுதல் உள்ளே எடுத்த திகதி. 1989 முதல் 2022 வரை, முப்பத்து நாலு வருஷம் ஒன்று தப்பாமல் கொப்பியில் எழுதியிருக்கிறார். அந்தக் கொப்பியைப் படம் பிடித்து இருபத்தோராம் பக்கத்திலிருந்து இருபத்து நாலு வரைக்கும் போட்டிருந்தார்கள்.

"நான் கதிரையில இருந்து துள்ளினன், அக்கா. மூண்டு வருஷம் தேடி வராதது, அம்மாவின்ர மரம் செத்ததால வந்தது."

"பிடிஎஃபை டவுன்லோட் பண்ணினீரோ?" என்று நான் கேட்டேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"புக்மார்க் பண்ணினன். ரெண்டு திகதியையும் எக்செல்லில அடிச்சன். மூண்டாவது நிரல் ஒண்டும் இருந்தது, ஏதோ குறிப்பு. கையெழுத்து விளங்கேல்லை, எனக்குத் தேவையுமில்லை, விட்டிட்டன். போன கிழமை ப்ரொஃபெசர் லிங்கைத் திறந்திருக்கிறா."

லப்டொப்பைத் திருப்பிக் காட்டினாள். அதே லிங்க். அதே கவர். அதே நவரட்ணம், அதே பொட்டு, 'மார்ச் 2023' என்று கீழே. முப்பத்திரண்டு பக்கமும் இருந்தன. ஆனால் இருபத்தொன்றில் கறிவேப்பிலை இல்லை. பரம்பரை மரம் இருபத்து நாலாம் பக்கம் வரை கிளை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"பழைய பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற தளங்களில பாத்தன். கவர் மட்டும்தான் கிடக்கு. இணையத்தளத் தம்பிமார், குடும்பம் தந்ததைப் போட்டம், முந்தினதை வச்சிருக்கிறதில்லை எண்டினம். மூத்த மகன் மகேஸ்வரன் அங்கிளுக்கு ஈமெயில் போட்டன். 'ஒரே ஒரு பதிப்புத்தான், அப்படி ஒரு பக்கமே இல்லை' எண்டு எழுதினார். அதை ப்ரொஃபெசருக்கும் அனுப்பிவிட்டார்!"

நல்ல மனுசன்.

புனிதாக்கா ஒரு பிளேன்ரீயை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு பக்கத்தையும் வாசித்தார். தேவாரத்தைக்கூட விடவில்லை. பரம்பரைப் பக்கத்தில் இரண்டு இடத்தில் நின்று, ஒரு இடத்தில் சிரித்தார்.

"மாக்கஸ், காரை எடும். அஜக்ஸுக்குப் போறம், மகேஸ்வரன் வீட்டுக்கு."

"இந்த நேரம் ஃபோர் ஓ வண் ஹைவேயில போனால், நாங்கள் போய்ச்சேர எங்களுக்கே கல்வெட்டு அடிக்க வேண்டி வரும், அக்கா."

"அப்ப கதையை விட்டிட்டுக் கெதியா ஓட்டும்."

*

அஜக்ஸில் மகேஸ்வரனின் வீடு புதிது. கதவைத் திறந்தவர் அறுபது வயது மனிதர், நல்ல மரியாதை. நிலாணியைக் கண்டதும் அந்த மரியாதை பாதியாகக் குறைந்தது.

"தங்கச்சி, நான்தான் ஈமெயிலில சொல்லிப்போட்டனே. ஒரே பதிப்பு."

"ஓம் அண்ணை, நாங்கள் சண்டைக்கு வரேல்லை," என்றார் புனிதாக்கா, சோஃபாவில் தானாகவே இருந்துகொண்டு. "கல்வெட்டு நல்ல வடிவாச் செய்திருக்கிறியள், அதைச் சொல்லுவம் எண்டுதான்."

அவர் கொஞ்சம் இளகினார். மனைவி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்தா. பின்னாலேயே ஒரு சின்னப்பெட்டை பலூன் ஒன்றை இழுத்துக்கொண்டு ஓடிவந்து என் முழங்காலில் மோதி நின்றது.

"அட, இது ஆர்?" என்றார் புனிதாக்கா.

"பேத்தி. மகளின்ர. சிவானி."

"எத்தினை வயசு?"

"நேற்றுத்தான் ரெண்டு முடிஞ்சுது. வீடு முழுக்கப் பலூன்தான், பாருங்கோ," என்று சிரித்தார் மகேஸ்வரன்.

"வடிவான பேர். கல்வெட்டிலயும் பாத்தன். பத்தொன்பதாம் பக்கம், பூட்டப்பிள்ளை சிவானி."

"ஓமோம், ஒருத்தரையும் விடேல்லை."

"அதுதான் அண்ணை எனக்கு விளங்கேல்லை," என்று புனிதாக்கா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "2023 ஒக்டோபரில பிறந்த பிள்ளை. கல்வெட்டு அடிச்சது அதே வருஷம் மார்ச். அப்ப இந்தப் பிள்ளை தாயின்ர வயித்தில ரெண்டு மாசம். ரெண்டு மாசத்திலயே பெட்டை எண்டு கண்டுபிடிச்சு, பேரும் வச்சு, அச்சுக்கும் குடுத்திட்டியளோ?"

சிவானி பலூனை விட்டுவிட்டாள். அது மேலே போய்க் கூரையில் தட்டி நின்றது. மகேஸ்வரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பவே சொன்னன், கவரிலயும் திகதியை மாத்துங்கோ எண்டு," என்றா மனைவி குசினிக்குள் இருந்து.

அதோடு மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

"மரியாதைப் பிரச்சினை, தங்கச்சி. முதல் அடிச்சதில ஒரு பேர் விடுபட்டுப்போச்சு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அண்டைக்கு ஹோலில வச்சே பெரிய பிரளி. நூற்றைம்பது அடிச்சனாங்கள். வாசலில நிண்டு எல்லாத்தையும் திருப்பி வாங்கினன்."

"கல்வெட்டோட குடுத்த எவர்சில்வர் பாத்திரத்தையும் வாங்கினீங்களோ?" என்று கேட்டேன்.

"சேச்சே, அதை எப்பிடித் திருப்பிக் கேக்கிறது?"

"பிறகு?" என்றார் புனிதாக்கா.

"எல்லாம் நீலத் தொட்டியில, றிசைக்கிள். ஆண்டுத் திவசத்துக்குத் திரும்ப அடிச்சம். இனி ஒரு ஆளும் குறை சொல்லக்கூடாது எண்டு, ஒண்டுவிட்ட ரெண்டுவிட்ட எல்லாரையும் பரம்பரையில சேர்த்தம். பக்கம் கூடிப்போச்சு. முப்பத்திரண்டுக்கு மேல போனால் ஸ்டேப்பிள் பிடிக்காது எண்டு அச்சகக்காரன் சொன்னான். அப்பாவின்ர மரக்கணக்கு பக்கம் நிரப்பப் போட்டதுதானே, அதை எடுத்தம்."

நிலாணி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "அந்தக் கொப்பி?"

"பார்க்டேல் வீடு காலி பண்ணேக்கை போயிட்டுது, பிள்ளை."

"அங்கிள், அப்ப முதல் பதிப்பு ஒண்டு இருந்தது எண்டாவது எழுதித் தாங்கோ. ப்ளீஸ்."

மகேஸ்வரன் தலையை ஆட்டினார். "ஏலாது. கோவிச்ச அந்த ஆள் இப்பதான் கொஞ்சம் முகம் குடுத்துக் கதைக்கிறார். நான் அதைத் திருப்பி எழுத்தில குடுத்தால் இன்னும் ரெண்டு வருஷம் இழுபடும். கோவிக்காதேங்கோ."

எனக்கு வந்த கோபத்தில் மிச்ச வடையையும் எடுத்து வாயில் போட்டேன்.

எழும்பும்போது புனிதாக்கா சாதாரணமாகக் கேட்டார். "நூற்றைம்பதும் திரும்ப வந்ததோ, அண்ணை?"

"நானே எண்ணினன். ஒண்டு குறைஞ்சுது. ஆரோ கோப்பியை ஊத்திப்போட்டு எறிஞ்சிருப்பினம்."

*

காரில் ஏறியதும் நிலாணி அழத் தொடங்கினாள்.

"பிள்ளை, அழாதையும். ரிஷ்யூ முடிஞ்சுது," என்றேன். "அக்கா, இனி எங்க? ரெண்டரை வருஷத்துக்கு முந்தின றிசைக்கிள் எண்டால் இப்ப அது முட்டைப் பெட்டியா வந்து நாங்கள் முட்டையும் சாப்பிட்டாச்சு."

"நூற்று நாற்பத்தொன்பது முட்டைப் பெட்டி," என்றார் புனிதாக்கா. "மற்றது எங்க?"

"கோப்பி ஊத்தி..."

"விசர்க்கதை கதையாதையும். பேர் விடுபட்ட கல்வெட்டு. நூற்று நாற்பத்தொன்பது பேருக்கு அது ஒரு புத்தகம். கேட்டவுடன குடுத்திட்டினம். ஒரே ஒரு ஆள் மட்டும் அதைக் குடுக்கமாட்டார், எறியவும் மாட்டார். ஆர்?"

நான் பிரேக்கை அமத்தினேன். பின்னால் ஒருத்தன் ஹோர்ன் அடித்தான்.

"பேர் விடுபட்ட ஆள்!"

"அவருக்கு அது புத்தகம் இல்லை, ஆதாரம். எங்கட ஆக்கள் மற்றவன்ர பிழைக்கு ஒரு ஆதாரம் கையில கிடைச்சால் லேசில விடுவினமோ?"

"பட் அவர் ஆர் எண்டு தெரியாதே," என்றாள் நிலாணி.

புனிதாக்கா லப்டொப்பைத் திறந்து பதினெட்டாம் பக்கத்தைக் காட்டினார். தான் சிரித்த இடம் அது. மருமக்கள் வரிசை. எல்லோருக்கும் ஒரே அளவு எழுத்தில் ஒரு வரி. ஆனால் நவரட்ணத்தின் மகள் றஜிதாவின் கணவனுக்கு மட்டும் தடித்த எழுத்தில், 'பாசமும் பண்பும் நிறைந்த, எம் குடும்பத்தின் தூண், அன்பு மருமகன் திரு. சீமோன் அவர்கள்' என்று மூன்று வரி. பக்கத்தில் படம் வேறு. நன்றிப் பக்கத்திலும் முதல் ஆள் அவர்தான். அவருக்குக் கீழேதான் ஐயர்.

"மாலை போடாத குறை," என்றேன்.

"காயம் எங்கயோ அங்கதான் கட்டுப் போடுவினம். இந்தச் சீமோன் எங்க இருக்கிறார் எண்டு பாரும், பிள்ளை."

நிலாணி தட்டினாள். கண்ணை உருட்டினாள்.

"அக்கா... வோபர்ன். உங்கட ஒஃபீசில இருந்து நாலாவது பில்டிங்."

"ஃபோர் ஓ வண்ணில போய் வந்தது வடை சாப்பிடத்தான் போல," என்றேன்.

*

பதினோராம் மாடி. கதவைத் திறந்த சீமோனுக்கு அறுபது வயதிருக்கும், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் சீருடையில் இருந்தார். உள்ளே காலை வைத்ததும் நான் எதிலோ முட்டி முழங்காலை உடைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் ஒரு பெரிய தொட்டி. இருட்டில் என்ன செடியென்று நான் பார்க்கவில்லை. காலைத் தடவுகிற வேலை இருந்தது.

"எந்த ஊர், அண்ணை?" என்று கேட்டேன்.

"பேசாலை."

"அட, நான் வங்காலை! ரெண்டு பேரும் மன்னார்!"

அந்த ஒரு சொல்லுக்குக் கதிரை கிடைத்தது. புனிதாக்கா கல்வெட்டு என்று வாயெடுத்ததும் கிடைத்த கதிரை ஆட்டங்கண்டது.

"அவன் மகேஸ்வரன் அனுப்பினவனோ? இல்லை, கேக்கிறன். நான் அதைக் குடுக்கமாட்டன்."

"அப்ப இருக்கு," என்றார் புனிதாக்கா.

மனிதர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். உள்ளே போய் ஒரு கோப்பை எடுத்துவந்தார். சிற்றிசன்சிப் பேப்பருக்கும் கலியாணப் பதிவுக்கும் நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள் அந்தக் கல்வெட்டு இருந்தது. எங்களுக்குக் காட்டுவதற்கு அவர் பக்கம் தேடவே இல்லை. புத்தகம் தானாக ஒன்பதாம் பக்கத்தில் விரிந்தது.

"வாசியுங்கோ. மகள் றஜிதா. புள்ளி. புருஷன் இல்லாத பொம்பிளை மாதிரி! இருபத்தாறு வருஷக் கலியாணம். நான் சைவமில்லை, வேதக்காரன் எண்டு கலியாணத்துக்கு வாசலில வந்து நிண்டிட்டுப் போனவர் மாமா. பிறகு வருஷத்தில ரெண்டு தரம் போன் எடுப்பார். 'சீமோன், நாளைக்குத் தொட்டி' எண்டுவார். போய்த் தூக்கி வைப்பன். அவ்வளவுதான் எங்கட உறவு. ஒரு நாள் வாயால மருமகன் எண்டு சொல்லேல்லை. செத்த பிறகாவது போட்டவங்களோ? இல்லை. பிறகு மூண்டு வரி போட்டவங்கள், நான் சத்தம் போட்டதால. கேட்டு வாங்கின மரியாதை எனக்கு எதுக்கு?"

குசினி வாசலில் றஜிதா சீலைத்தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றா. எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

புனிதாக்கா புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் பக்கத்தின் மூலை கைபட்டுக் கறுத்துப்போயிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே மொடமொடவென்று இருந்தன.

"அண்ணை, உதுக்கு அங்கால நீங்கள் பிரட்டவேயில்லை, என்ன?"

"எதுக்கு? என்ர பேர் இல்லாத புத்தகத்தை முழுக்க வாசிக்க எனக்கென்ன விசரோ?"

"இந்தப் பிள்ளைக்கு இருபத்தோராம் பக்கம் வேணும். புத்தகம் உங்கட கையிலயே இருக்கட்டும். நீங்களே பிரட்டுங்கோ, அவ படம் எடுக்கட்டும்."

சீமோன் நிலாணியின் அழுத கண்ணைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டு பிரட்டினார். நவரட்ணத்தின் சரிந்த கையெழுத்து, கோடுபோட்ட கொப்பித்தாள், மூன்று நிரல். நிலாணி எக்செல்லோடு ஒப்பிட்டாள். 1989, சரி. 1990, சரி. 'நானே தூக்கினேன்' என்று மூன்றாவது நிரலில் இருந்ததைப் புனிதாக்கா மெல்ல வாசித்தார். அப்படியே ஒன்பது பத்து வரி. சீமோன் பக்கத்தைப் பிரட்டினார். பிரட்டிய கை நின்றுவிட்டது.

"என்ன அங்கிள்?"

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டார். விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிறவர்போல வாசித்தார்.

"1999. மே 16. செப்டெம்பர் 24. மருமகன் சீமோன் தூக்கினார்."

நிலாணி எக்செல்லை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"2000. மருமகன் சீமோன். 2001. மருமகன் சீமோன். 2004... மருமகன் சீமோன், முதுகுப்பிடிப்பு, இருந்தும் வந்தார். 2011. மருமகன் சீமோன். அவசரம், தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். "றஜி, அண்டைக்கு எனக்கு பஸ் ஷிஃப்ட். அதைக்கூட எழுதியிருக்கிறார், பார்."

றஜிதா அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று வாசித்தா. கடைசி வரியை அவதான் வாசித்தா. "2022. செப்டெம்பர் 28. மருமகன் சீமோன். இனி இந்த மரத்தை இவர்தான் பார்க்க வேண்டும்."

இருபத்து நாலு வருஷம், இருபத்து நாலு தரம் மருமகன். அவரைச் சமாதானப்படுத்தத்தான் அந்தப் பக்கங்களைக் கிழித்தெறிந்து, மூன்று வரி புகழ் அச்சடித்திருக்கிறார்கள். சீமோன் வாய்விட்டு அழுதார். நானும்தான் அழுதேன், ஏன் மறைக்க?

கொஞ்ச நேரம் கழித்து அவர் புத்தகத்தை உறையில் போட்டு நிலாணியிடமே நீட்டினார். "கொண்டு போ, பிள்ளை. வெள்ளிக்கிழமை உன்ர ப்ரொஃபெசரின்ர மேசையில வை. கேட்டால் நான் வாறன், சாட்சிக்கு."

"அங்கிள், பத்திரமாத் திருப்பித் தருவன், ப்ரொமிஸ்," என்று அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

புனிதாக்கா மட்டும் எழும்பவில்லை. என் முழங்காலைப் பதம்பார்த்த தொட்டியின் பக்கம் போய், ஒரு இலையைக் கிள்ளி மணந்தார்.

"மாமாவின்ர மரம்தானே, அண்ணை?"

"ஓம். வீடு பிரிக்கேக்கை ஒருத்தரும் கேக்காத சாமான் அதுதான். நான் தூக்கிக்கொண்டு வந்தன்."

நிலாணி திரும்பினாள். ஆராய்ச்சிக்காரியின் கண் அது. "அங்கிள், நீங்கள் இதை இப்பவும் வெளியில வச்சு எடுக்கிறனீங்களோ? திகதி ஏதும் ஞாபகம் இருக்கா?"

"ஞாபகமோ?" என்றா றஜிதா. "கலண்டரில சிவப்பு வட்டம் போடுவார். மூண்டு வருஷக் கலண்டரும் அலுமாரிக்குள்ள கிடக்கு. எறியவிடமாட்டார்."

கலண்டர்கள் மேசைக்கு வந்தன. நிலாணி தரையில் சம்மணம் கட்டி இருந்து எக்செல்லைத் திறந்தாள். முப்பத்து நாலு வரிக்குக் கீழே 2023, 2024, 2025 என்று மூன்று வரி சேர்ந்தது. கடைசித் திகதி போன சனிக்கிழமை. பிறகு, தான் இரண்டு வருஷமாகத் தவிர்த்துவிட்ட மூன்றாவது நிரலைப் புதிதாகத் திறந்து, மேலே 'தூக்கியவர்' என்று அடித்தாள். சீமோனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த மூண்டு வரிக்கும் என்ன போடட்டும், அங்கிள்? உங்கட முழுப் பேரைச் சொல்லுங்கோ."

சீமோன் தொட்டியைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"பேர் கிடக்கட்டும், பிள்ளை," என்றார். "மருமகன் எண்டு போடு."